முதல் அரை நொடி

மார்க்கெட்டில் அவருக்கு வெண்கலம் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. காய்கறி மொத்த வியாபாரத்தில் ஏலம் விடுகிறவர். லாரியிலிருந்து இறக்கிய உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று வாயைத் திறந்தாரானால், அந்தக் கோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூடக் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான். மைக் வாங்கித் தருகிறோம் என்று வியாபாரிகள் ஒருமுறை சொன்னார்கள். "எதுக்கு, இருக்கிற காதும் போகவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது. வயிற்றில் வந்திருக்கலாம், காலில் வந்திருக்கலாம், போயும் போயும் தொண்டையில் வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்றார்கள். எடுத்தார்கள், உயிர் மிஞ்சியது. கழுத்தின் அடியில் மூச்சுக்கு ஒரு துளை, அதை மறைக்க எப்போதும் ஒரு பருத்தித் துணி. வாய் இருந்தது, நாக்கு இருந்தது, சொல்ல வேண்டியது மூட்டை மூட்டையாக இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அவருக்கு ஒரே தங்கை. ஊமைக்கோட்டான் என்று அண்ணன்தான் அவளுக்குப் பெயர் வைத்தார். இவர் பேசுகிற பேச்சில் அந்த வீட்டில் மற்றவர்கள் பேச இடமே இல்லை. அதனால் அவள் பேசாமல் வளர்ந்தாள், வேறு ஒன்றும் இல்லை. நாளடைவில் ஊமை உதிர்ந்து கோட்டான் மட்டும் நின்றது. வேடிக்கையைப் பாருங்கள், அப்படி வாயடைத்து வளர்ந்தவள் படித்துப் படித்துக் கடைசியில் போய்ச் சேர்ந்தது பேச்சு ஆராய்ச்சியில். பேருந்துக்குள் நின்று பேசுகிறவன் குரலிலிருந்து பேருந்தை எடுப்பது, மழையில் பேசுகிறவள் குரலிலிருந்து மழையை எடுப்பது. "அதாவது சத்தத்திலே கல்லு பொறுக்குற வேலை" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றி யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். கைவிளக்கு அளவு இருக்கும். கழுத்தில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் உர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தோல் வழியாக உள்ளே புகுந்து வாய்க்கு வரும். நாக்கையும் உதட்டையும் அசைத்தால் அந்த உர்ரே சொல்லாக மாறி வெளியே வரும். ஏற்றம் இறக்கம் கிடையாது, கோபமும் குழைவும் ஒரே மாதிரிதான் கேட்கும். அண்ணன் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார். வைத்ததாக அவர் மனைவி, அதாவது கோட்டானின் அண்ணி, யூகித்தாள். அவர் விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டியதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வார்டில் முதல்முறை அதை வைத்துத் 'தண்ணி' என்று கேட்டபோது பக்கத்துப் படுக்கைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், அவர் வேண்டுமென்று சிரிக்கவில்லை. ஆனால் அண்ணன் வண்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு சரி.

வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. எழுதிக் காட்டச் சொல்லி அண்ணி ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்ததற்கு, கையெழுத்துக்குமேல் எழுதிப் பழகாதவர், ஜன்னல் வழியாக அதை வெளியே எறிந்தார். மார்க்கெட் ஆட்கள் பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். அண்ணி சீருடை தைக்கும் தொழிற்சாலைக்குப் போய்விட்டு வருவாள். காலையில் எந்த நாற்காலியில் விட்டுப் போனாளோ அதே நாற்காலியில் இருப்பார்.

கோட்டான்தான் அவரை விடவில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறிப் போய் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். உடன்பிறந்தவளுக்கே உரிய தொல்லையோடு நச்சரிப்பாள்.

"அண்ணா, ஊருக்கெல்லாம் நீ பேச வேண்டாம். எனக்கு மட்டும் பேசு. நீ எப்படிப் பேசினாலும் எனக்குப் புரியும்ணா. இத்தனை வருஷமா நான் வேற என்ன படிச்சேன்?"

அவர் அவளையே பார்ப்பார். பிறகு கையை விரித்து, பார்க்கலாம் என்பதுபோல் ஒரு ஆட்டு ஆட்டுவார். அந்த 'பார்க்கலாம்' போதும் அவளுக்கு. ஒருநாள் அவர் பேசுவார், முதலில் தன்னிடம்தான் பேசுவார் என்ற நம்பிக்கையில்தான் அவளுக்கு அந்த வருஷம் சோறு இறங்கியது.

இனி அவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பெரிய கம்ப சூத்திரம் ஒன்றும் இல்லை.

ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குளிரூட்டிய அறை. உள்ளே அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள். ஒரு போன் பேச்சை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பிராசசரிடம் கொடுத்து, எல்லோரும் ஒரே சமயத்தில் இரைச்சலைக் கழித்துக் கொடுத்தால், ஒட்டுப்போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம். வீடு காலி செய்கிறபோது நாலு பேர் சேர்ந்து சாமான் தூக்குகிற மாதிரிதான். சிக்கல் எங்கே என்றால், அந்த நாலு பேரும் வாசற்படியில் நின்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதில். 'உன் துண்டில் இரைச்சல் எப்படி? மாறிவிட்டதா, அதேதானா?' என்று இவன் அவனைக் கேட்பான். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். போனில் அந்தத் தாமதம் தாங்காது. இவர் ஹலோ போய்ச் சேர்வதற்குள் அவர் இன்னொரு ஹலோ சொல்லிவிடுவார்.

கோட்டான் அதற்கு ஒரு வழி கண்டாள். போன் இணைந்ததும் முதல் அரை நொடிக்கு யாரும் பேசுவதில்லை. மூச்சு இழுப்பார்கள், போனைக் காதுக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே அந்த அரை நொடியில் கேட்பது எல்லாம் இரைச்சல். அதிலிருந்து ஒரு அச்சு எடு. அத்தனை பிராசசருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடு. அதன்பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். தன் துண்டில் அந்த அச்சுக்குப் பொருந்துவதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் போதும். வேலை பறந்தது. துறைத் தலைவர் அவளை எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினார்.

அதே அறையில் வேலை பார்க்கும் ஒரு ஆள் மட்டும் தலையைச் சொறிந்தான். கதவு நிலையில் இடித்துக்கொள்ளும் உயரம், அதனால் நெட்டை.

"அக்கா, எடுத்த உடனே ஒருத்தன் பேச ஆரம்பிச்சுட்டா? அவன் குரலையே இது இரைச்சல்னு படிச்சு வச்சுக்குமே?"

"போனை எடுத்த உடனே எவன் பேசுறான்? ஹலோன்னு இந்தப் பக்கம் சொன்ன பிறகுதானே அந்தப் பக்கம் பேச ஆரம்பிப்பான்!"

"அதுவும் சரிதான். இருந்தாலும் நடுவுல ஒரு தடவையாவது இவனுங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டா நல்லது."

"கேட்டுக்கிட்டா மெதுவாகும். விடு" என்றாள். நெட்டையும் விட்டுவிட்டான்.

எழுதியவர்களே முதலில் சொந்தப் போனில் போட்டுக்கொண்டு திரிய வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவளும் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு யார் போன் செய்தாலும் அந்தக் குரல் கீழ்த்தளத்துக்குப் போய், குளித்து, சுத்தமாகி அவள் காதுக்கு வந்தது. கேட்கக் கேட்க அவளுக்கே பெருமை தாங்கவில்லை. காய்கறிக்கடையிலிருந்து அண்ணி பேசினால் அண்ணி மட்டும் கேட்டாள், கடை கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணன் போனிலிருந்து அழைப்பு வந்தது.

அண்ணன் போனிலிருந்து! பேசாத மனுஷர் எதற்குப் போன் போடுகிறார்? பதறிப்போய் எடுத்தாள்.

"அண்ணா? ஹலோ? அண்ணி, நீங்களா?"

ஒன்றும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் புரோகிராம் அவ்வளவு சுத்தம். தெரியாமல் கை பட்டிருக்கும் என்று நினைத்து வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் நடந்ததை அவள் தெரிந்துகொள்ள நாளாகும். நாம் இப்போதே தெரிந்துகொள்வோம். அண்ணன் வண்டைத் திரும்பக் கையில் எடுத்துப் பல நாள் ஆகியிருந்தது. அண்ணி வேலைக்குப் போனதும் குளியலறைக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, கண்ணாடி முன்னால் நின்று பழகினார். கழுத்தில் எந்த இடத்தில் வைத்தால் சத்தம் நன்றாக ஏறுகிறது என்று தடவித் தடவிக் கண்டுபிடித்தார். வார்த்தைக்கு வார்த்தை பொத்தானை விட்டு அமுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் விடவே மாட்டார். விட்டால் மறுபடி வருமோ வராதோ என்ற பயம், ஒரு தடவை குரலைப் பறிகொடுத்தவர் இல்லையா? எல்லாம் சரியாக வந்ததும் தங்கைக்குத்தான் முதல் போன். எடுத்த உடனே சத்தம் இல்லாவிட்டால் வைத்துவிடுவாளோ என்று, மணி அடிக்கும்போதே பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். போதாதா? முதல் அரை நொடியில் அந்த உர்ரைத் தவிர வேறு எதுவும் போகவில்லை. புரோகிராம் அதை அழகாகப் படித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் பேசியது முழுக்க அந்த உர்ரால் ஆனது. ஒரு எழுத்து விடாமல் துடைத்துப் போட்டுவிட்டது.

மறுவாரம் இரண்டாவது தடவை. இந்த முறை அவளுக்குப் பதற்றம் இல்லை, ஆசைதான்.

"அண்ணா, நீதானே? தெரியும் எனக்கு. பேசுண்ணா. அந்த மெஷினை எடுத்துக் கழுத்துல வை. ஒரே ஒரு வார்த்தை. நான் காத்துக்கிட்டு இருக்கேன், பேசு."

காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள், பாவி. அந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது தடவை வந்தபோது அவள் நல்ல மனநிலையில் இல்லை. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் நெருக்கடி, தலைவரின் விரட்டல், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எடுத்தாள், அதே மயான அமைதி. கோபம் தலைக்கேறியது.

"என்னண்ணா நினைச்சுக்கிட்டு இருக்கே? போன் போடத் தெரியுது, வாயைத் திறக்க முடியலையா? எத்தனை தடவை கெஞ்சறது? உனக்கு வந்தது மாதிரி எத்தனையோ பேருக்கு வந்திருக்கு, அவங்க எல்லாம் பேசலையா? ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே? இவ்வளவு வீம்பு ஆகாதுண்ணா. பேசுறதா இருந்தா போன் பண்ணு, இல்லைன்னா பண்ணாதே!"

வைத்துவிட்டாள். அதட்டினால்தான் வழிக்கு வருவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு அண்ணன் போன் செய்யவில்லை. சில நாள் கழித்து அண்ணி பேசினாள். "வண்டை எடுத்துப் பரண்மேல போட்டுட்டார்மா. என்ன ஆச்சுன்னு தெரியலை. கைஜாடைகூட இப்ப இல்லை. நீயாவது வந்து பாரேன்." கோட்டான் வருகிறேன் என்றாள். மாநாடு முடியட்டும் என்று மனசுக்குள் நினைத்தாள். நினைத்ததில் கொஞ்சம் கோபமும் இருந்தது; அண்ணன் கொஞ்ச நாள் யோசிக்கட்டுமே என்ற கோபம். ஒரு மாதத்துக்கு மேல் ஓடிப்போனது.

மாநாட்டில் போட்டுக் காட்ட உதாரணங்கள் தேர்ந்தெடுக்கத் தலைவர் எல்லோரையும் கூட்டினார். சோதனையில் வந்த அழைப்புகள் எல்லாம் இரண்டு விதமாகச் சேமிப்பில் இருந்தன. கழிக்காதது ஒன்று, கழித்தது ஒன்று. எந்த அழைப்பில் அதிகபட்ச இரைச்சல் நீக்கப்பட்டிருக்கிறதோ அதை முதலில் காட்டினால் சபை அசந்துபோகும் என்றார் தலைவர். கோட்டான் மதிப்பெண்படி வரிசைப்படுத்தினாள். முதல் மூன்று இடமும் ஒரே எண்ணிலிருந்து வந்த அழைப்புகளுக்கு. மற்றவை கிட்டவே வரவில்லை.

"அட, நூத்துக்கு நூறு எடுத்திருக்கே! எங்கிருந்து பேசியிருக்காங்க, மாவு மில்லுல இருந்தா? கழிக்காததைப் போடும்மா, கேட்போம்" என்றார் தலைவர். அது யாருடைய எண் என்று கோட்டான் கவனிக்கவில்லை. பொத்தானைத் தட்டினாள்.

சுவரில் இருந்த பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து உர்ரென்று கிளம்பியது சத்தம்.

"ஷேவிங் மெஷின்" என்று யாரோ சொன்னார்கள். "துளை போடுற மெஷின்" என்றார் இன்னொருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கோட்டானும் சிரித்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவளும் சிரித்தாள்.

பிறகு அந்த உர்ருக்குள்ளிருந்து தட்டையாக, தெளிவாக, எழுத்து எழுத்தாக வந்தது: "கோட்டான். அண்ணன் பேசுறேன். கேக்குதா."

ஸ்பீக்கரில் அவள் குரல்: "அண்ணா? ஹலோ? அண்ணி, நீங்களா?"

"நான்தான். பேசுறேன். நல்லா வருதா. முதல்ல உனக்குத்தான். வேற யாருக்கும் பேசலை. கேக்குதா."

கோட்டானுக்கு அதை நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. கை தானாகப் போய் அடுத்ததைத் தட்டியது, அதற்கடுத்ததையும் தட்டியது.

மூன்றாவதில் அவள் குரல்தான் ஓங்கி இருந்தது. வீம்பு, கெஞ்சறது, குறைஞ்சா போயிடுவே. அதற்கு அடியில், அவள் கத்தக் கத்த, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் அது பேசிக்கொண்டே போனது: "கோபப்படாதே. பேசிக்கிட்டுதான் இருக்கேன். கழுத்துல கட்டி மாதிரி ஒண்ணு. அண்ணிக்குச் சொல்லலை. பயமா இருக்கு. நீ வா. டாக்டர்கிட்ட நீ கூட வா."

பிறகு அவள் போனை வைத்த சத்தம்.

நெட்டைதான் எழுந்து போய் நிறுத்தினான். "அக்கா" என்றான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தவள் அழக்கூட இல்லை. என் காதில் விழவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, எந்த இரைச்சலுக்குள் இருக்கும் குரலையும் துடைத்துத் தருகிறேன் என்று பட்டம் வாங்கியவள்? அண்ணன் பேசினார். மூன்று தடவை பேசினார். பேசச் சொல்லி அவரையே திட்டியிருக்கிறாள்.

அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதலில் அழுகை வந்தது. ஓடிப்போய்க் கழுத்துத் துணியை விலக்கினாள். அவர் தடுக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க வீங்கி, தோல் இறுகி, தொட்டால் பலகைபோல் இருந்தது.

"ஐயோ, இது எப்ப வந்துச்சு!" என்று அண்ணி கத்தினாள். தினமும் துணி துவைத்துக் கொடுத்தவள். துணிக்கு அடியில் இருந்ததை அவர் காட்டவே இல்லை.

டாக்டர் கழுத்தைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். மறுபடி வந்துவிட்டது, பரவிவிட்டது, வலிக்கு மருந்து தருகிறேன் என்றார். வெளியே வராந்தாவில் அவரை நிறுத்தி, "ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள் கோட்டான்.

"அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர். எனக்குத் தெரியணும்."

"உண்மையாவே தெரியாதும்மா. தெரிஞ்சா சொல்லிடுவேன்." நல்ல மனுஷர். அவளுக்குத் திட்டு வேண்டியிருந்தது, அதை அவர் தரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நெட்டை புரோகிராமைப் பிரித்துப் போட்டுத் திருத்தினான். முதல் அரை நொடியை நம்புவதை எடுத்துவிட்டான். பிராசசர்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள வழி வைத்தான், கொஞ்சம் மெதுவானது. அண்ணனின் குரலைப் போட்டுப் பார்த்தபோது அது அப்படியே முழுசாக வருகிறது என்று போனில் சொன்னான். "சரிப்பா" என்றாள் கோட்டான். அவள் லீவு போட்டு அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

நடந்ததை அண்ணனிடம் சொல்ல அவளுக்குச் சில நாள் பிடித்தது. படுக்கையோரம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நீ பேசினது எனக்குக் கேக்கலைண்ணா. உன் தப்பு இல்லை. நான் எழுதின புரோகிராம் உன் குரலை இரைச்சல்னு நினைச்சுத் தூக்கி எறிஞ்சுடுச்சு. நீ நல்லாத்தான் பேசியிருக்கே. இதோ கேளு."

தன் போனில் முதல் பதிவைப் போட்டாள். அறை வாசலில் நின்ற அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் குரலை அவள் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவும் அவர் குரல் இல்லைதான், ஆனால் பேச்சு அவருடையது. அண்ணன் தன் குரலை அன்றுதான் வெளியே இருந்து கேட்டார். புருவத்தைத் தூக்கி, கீழுதட்டைப் பிதுக்கி, பரவாயில்லையே என்பதுபோல் தலையைச் சாய்த்தார். பிறகு மூக்கைச் சுருக்கிக் கையால் ஏதோ காட்டினார். கடைக் கதவு இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் விரலால் பரணைக் காட்டினார்.

அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி வண்டை எடுத்துத் தூசி தட்டினாள். கோட்டான் புது பேட்டரி போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் கழுத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். உர்ரென்ற சத்தம் அறை முழுக்க நிறைந்தது. உதடு அசைந்தது. சொல் வரவில்லை. இறுகிப்போன அந்தக் கழுத்துக்குள் சத்தம் ஏறவில்லை. வெளியேயே நின்று உறுமியது. மறு பக்கம் வைத்தார். தாடைக்குக் கீழே வைத்தார். கன்னத்தில் வைத்தார், அதற்குள் கன்னமும் வீங்கியிருந்தது. பழைய இடத்துக்கே திரும்ப வந்தார். பிறகு அவர் இடம் தேடவில்லை; தங்கையைப் பார்த்துக்கொண்டு நிதானமாக, நீளமாக என்னவோ சொன்னார். நடுவில் ஒருமுறை கண் கலங்கியது, ஒருமுறை லேசாகச் சிரித்தார். கோட்டான் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். உதட்டைப் பார்த்தாள். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

முடித்துவிட்டுப் பொத்தானை விட்டார். பதிலுக்குக் காத்திருந்தார்.

"என்னம்மா சொல்றார்?" என்று அண்ணி ஆவலாக எழுந்து வந்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலை. உனக்குத்தான் புரியுமே, சொல்லேன்."

கோட்டான் அண்ணியைப் பார்க்காமல் சொன்னாள்: "என்மேல கோபம் இல்லைன்னு சொல்றார்."

அவர் இல்லை என்று தலையசைத்தார். மறுபடி வண்டை எடுத்து வைத்து, குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்து, முதலிலிருந்து சொன்னார். அதே உர்.

"அண்ணி… அண்ணியைப் பாத்துக்கச் சொல்றே. அதானேண்ணா?"

அதுவும் இல்லை. இன்னொரு தரம் சொன்னார். கை தளர்ந்து வண்டு வழுக்கியது. மறு கையால் தாங்கிக்கொண்டு சொன்னார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். "சாப்பிட்டியான்னு கேக்குறே" என்றாள். "அதைத்தானே கேக்குறே? சொல்லுண்ணா, அதானே?"

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். அவள் உதடு நடுங்குவதையும், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார்.

"இதைக் கேக்கவா இவ்வளவு பாடு!" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் வண்டைப் போர்வைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னது அது இல்லை என்று கோட்டானுக்குத் தெரியும்.

"சாப்பிட்டேண்ணா" என்றாள்.